நெல்லா, காபிக் கடையா, ஏலக்காயா? கம்பம் பள்ளத்தாக்கில் ஆய்வுத் தலைப்பு தேடுகிறவர்களுக்கு

வருஷத்துக்கு நாலைந்து பேராவது இந்தக் கேள்வியோடு வந்துவிடுகிறார்கள். வேளாண் வணிகம் படிக்கிற பிள்ளைகள். வீடு கூடலூர், கம்பம், சின்னமனூர், போடி என்று தேனி மாவட்டத்தில் இந்தப் பக்கம் இருக்கும். கல்லூரி கோயம்புத்தூரிலோ மதுரையிலோ. வெளியூரில் தங்கிக் கருத்துக்கணிப்பு எடுக்கக் கட்டுப்படியாகாது, அதனால் ஆய்வைச் சொந்த ஊரிலேயே முடித்துவிடலாம் என்று வருவார்கள். கையில் தலைப்புகளும் தயாராக இருக்கும். ஒன்று, நெல் சாகுபடி முறைகள். இன்னொன்று, காபிக் கடை வாடிக்கையாளர் திருப்தி. போடிக்காரப் பிள்ளையாக இருந்தால் மூன்றாவதாக ஏலக்காய் விலை.

"இதுல எதுண்ணே ஈஸியா இருக்கும்?"

எது ஈஸி என்று கேட்டால் எல்லாரும் காபிக் கடை என்பார்கள். நிழலில் உட்காரலாம், நூறு பேர் இரண்டு நாளில் கிடைப்பார்கள் என்பது கணக்கு. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நான் எடுத்தது நெல். எடுத்ததில் தப்பில்லை, எடுத்த மாதம்தான் தப்பு. நாற்று எத்தனை நாளில் பிடுங்கினீர்கள், குத்துக்குக் குத்து எத்தனை இடைவெளி விட்டீர்கள் என்று கேட்க மே மாதம் கிளம்பினேன். வயல் எல்லாம் வெடித்துக் கிடந்தது, ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. போன போகத்து நடவைப் பற்றி ஆறேழு மாதம் கழித்து விசாரித்தால் யாருக்கு ஞாபகம் இருக்கும்? "பதினஞ்சு இருவது நாள் இருக்கும் தம்பி, போட்டுக்கங்க" என்றார்கள். போட்டுக்கொண்டேன். அந்த ஆய்வேட்டை இப்போது திறந்து பார்க்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அதனால் தலைப்பை ஒப்பிடும் முன் எதை வைத்து ஒப்பிடுவது என்று முடிவு செய்துகொள்வோம்.

எதை வைத்து எடைபோடுவது

முதலில் நாள்காட்டி. உங்களுக்குக் கிடைக்கும் 45 அல்லது 60 நாளில், நீங்கள் படிக்கப்போகிற விஷயம் கண்ணெதிரே நடக்கிறதா? நடந்து முடிந்ததை நினைவிலிருந்து கேட்பதும் நடக்கும்போது பார்ப்பதும் வேறு வேறு ஆய்வுகள்.

இரண்டாவது, பதில் சொல்கிறவர் யார், அவரிடம் எத்தனை நிமிஷம் இருக்கிறது. மூன்றாவது, அவர் சொல்வதை அளக்க முடியுமா. "நல்லா இருக்கு" என்பதற்கு 4 போடுவதும் அளவுதான், "ஏக்கருக்கு எத்தனை கிலோ விதை" என்பதும் அளவுதான்; இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

நாலாவது, கணக்கில் வராத செலவு. பஸ் காசு, நகல் எடுக்கிற காசை எல்லாரும் எழுதிவைப்பார்கள். ஒரே ஆளைப் பார்க்க மூன்று முறை போவது, அனுமதிக்கடிதத்துக்காக இரண்டு வாரம் காத்திருப்பது, தெரியாத மென்பொருளைக் கற்றுக்கொள்வது, இதையெல்லாம் யாரும் எழுதுவதில்லை.

ஐந்தாவதுதான் எனக்கு முக்கியம். இந்தப் பதிலுக்காக யாராவது காத்திருக்கிறார்களா? ஒரு விவசாயியோ கடைக்காரரோ "முடிஞ்சதும் என்ன வந்துச்சுன்னு சொல்லுப்பா" என்று கேட்பாரா? அப்படி ஒருத்தர் இருந்தால் கேள்வித்தாள் தானாகவே சுருங்கி ஒழுங்காகிவிடும்.

எத்தனை பேரைக் கேட்பது என்பதை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. 384 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. கிரெஜ்சி, மார்கன் இருவரும் 1970-ல் வெளியிட்ட அட்டவணையில் வரும் எண் அது. ஒரு பெரிய கூட்டத்திலிருந்து சீட்டுக் குலுக்கி எடுத்ததுபோல ஆளைத் தேர்ந்தெடுத்தால்தான் அதற்கு மதிப்பு. பஸ் ஸ்டாண்டில் கண்ணில் பட்டவரை எல்லாம் கேட்டு 384 சேர்ப்பதைவிட, தண்ணீர் முதலில் பாய்கிற தலைமடையில் 30 பேர், கடைசியில் பாய்கிற கடைமடையில் 30 பேர் என்று பிரித்து எடுப்பது மேல்.

இங்கே எந்த மாதத்தில் எது நடக்கும் என்பதைத் தோராயமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் திறப்பைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும்.

| காலம் | நெல் | காபிக் கடை | ஏலக்காய் |
|---|---|---|---|
| ஜூன் – ஜூலை | முதல் போக நாற்றங்கால், நடவு | மலைப்பக்கம் மழை, கூட்டம் குறைவு | பறிப்பு ஆரம்பிக்கிற நேரம் |
| செப்டம்பர் – அக்டோபர் | முதல் போக அறுவடை | சாதாரண நாட்கள் | பறிப்பு மும்முரம் |
| நவம்பர் – ஜனவரி நடு | இரண்டாம் போகம் வயலில் | சபரிமலை சீசன் | பறிப்பும் ஏலமும் |
| ஜனவரி கடைசி – மார்ச் | இரண்டாம் போகம் முற்றுவது, அறுவடை | சாதாரண நாட்கள் | பறிப்பு ஓய்கிற நேரம் |
| ஏப்ரல் – மே | வயல் காலி | மூணாறு, தேக்கடி சுற்றுலாக் கூட்டம் | தோட்டத்தில் பறிப்பு இல்லை |

கடைசி செமஸ்டர் ஆய்வு ஜனவரியிலிருந்து மார்ச் வரை என்றால் நெல்லுக்குத் தோதான காலம். விளைச்சலையே மூடையாகப் பார்த்துவிடலாம். மே மாதப் பயிற்சி என்றால் நெல்லைத் தொடாதீர்கள்.

நெல்: முறை என்ற ஒரு சொல்லுக்குள் ஐந்து முறை

முல்லைப் பெரியாறு அணை 1895-ல் கட்டி முடிந்தது. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இரண்டு போகம் நெல் விளைவது அந்தத் தண்ணீரில்தான். ஆய்வு செய்ய இதைவிட வசதியான இடம் கிடைப்பது கஷ்டம். ஒரே ஆறு, ஒரே அணை, ஆனால் தலைமடைக்காரர் அனுபவமும் கடைமடைக்காரர் அனுபவமும் வேறு வேறு. கூடலூர் பக்கம் பாதி, வீரபாண்டி பக்கம் பாதி என்று ஆட்களைப் பிரித்தாலே ஒப்பீடு கிடைத்துவிடும்.

பிள்ளைகள் வழக்கமாக எடுக்கும் தலைப்பு "திருந்திய நெல் சாகுபடி பற்றிய விழிப்புணர்வு". தயவுசெய்து வேண்டாம். மடகாஸ்கரில் பாதிரியார் ஹென்றி டி லாலனியே 1980-களில் உருவாக்கிய அந்த முறையை நம் மாநிலத்தில் 20 வருஷமாகச் சொல்லிவருகிறார்கள். தெரியுமா என்று கேட்டால் தெரியும் என்பார்கள். செய்கிறீர்களா என்றால் செய்கிறோம் என்பார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு என்று ஒரு வட்டப்படம் போட்டுவிட்டு வரலாம், அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

அந்த முறையைப் பிரித்துக் கேளுங்கள். 14 நாள் இளநாற்றா? குத்துக்கு ஒற்றை நாற்றா? 25 சென்டிமீட்டர் சதுர நடவா? களையெடுக்கிற கோனோ வீடர் கருவியை ஓட்டினீர்களா? தண்ணீரைக் காயவிட்டுப் பாய்ச்சினீர்களா? ஐந்து கேள்வி, ஐந்துக்கும் தனித்தனிப் பதில். இப்படிக் கேட்கும்போதுதான் எது வயலில் நின்றது, எது உதிர்ந்தது என்று தெரியும். ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும் என்பது பரிந்துரை. வழக்கமான நடவுக்கு 20 கிலோவுக்கு மேல் போகும். விதை மிச்சம் என்பதால் சதுர நடவுக்கு ஒத்துக்கொண்டவர், இளநாற்றை மட்டும் விட்டிருப்பார். காரணம் கேட்டால் கதை வரும். நடவைக் கொத்துக்கு விட்டாயிற்று, ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி வருகிற ஆட்கள் குச்சி மாதிரி இருக்கும் இளநாற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து நட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்குக் கட்டுமா? தண்ணீர் விஷயமும் அப்படித்தான். மேல்வயல் தண்ணீர் என் வயல் வழியாகத்தான் கீழ்வயலுக்குப் போகிறது என்றால், நான் மட்டும் எப்படிக் காயவிடுவது?

இங்கே இன்னொரு காரணமும் உண்டு. இந்தப் பள்ளத்தாக்குக்கே உரியது. விடியும் முன்னே கம்பத்திலும் தேவாரத்திலும் போடியிலும் ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறும், இடுக்கி ஏலக்காய்த் தோட்டங்களுக்கு. அந்தப் பக்கக் கூலி இந்தப் பக்க நடவுக் கூலியை நிர்ணயிக்கிறது. இயந்திர நடவுக்கு மாறினவர்களிடம் ஏன் மாறினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், "ஆள் இல்ல" என்ற இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்கள். அந்த ஆள் எங்கே போனார் என்று அடுத்த கேள்வி கேட்கிற ஆய்வுதான் எனக்குப் பிடித்த ஆய்வு.

அப்புறம், பதில் சொல்கிறவர் யார் என்பது. பட்டா ஆம்பிளை பெயரில் இருக்கும், திண்ணையில் உட்கார்ந்து பதில் சொல்வதும் அவர்தான். நாற்று எத்தனை நாள், இடைவெளி எவ்வளவு என்று கையால் தெரிந்தவர் நடவு போடுகிற அக்கா. அறுபது விவசாயிகளோடு பத்து நடவுக்காரர்களையும் பேச வைத்தால் ஆய்வே வேறு ஆகிவிடும்.

மறைந்திருக்கும் செலவுகளில் பெரியது அளவைகள். நிலத்தை ஒருத்தர் ஏக்கரில் சொல்வார், இன்னொருத்தர் செண்டில், இன்னொருத்தர் குழியில். விளைச்சலை மூடையில் சொல்வார்கள். ஒரு மூடை எத்தனை கிலோ என்று கேட்காமல் எழுதினால் அத்தோடு கதை முடிந்தது. கொள்முதல் நிலையத்துச் சிப்பம் 40 கிலோ, வியாபாரி பிடிக்கிற மூடை வேறு. ஈரப்பதத்துக்கும் கணக்கு உண்டு, கொள்முதல் நிலையத்தில் வழக்கமாக 17 சதவீத ஈரம் வரைதான் எடுப்பார்கள்.

அடுத்தது லாபக் கணக்கு. இதில்தான் ஆய்வேடுகள் அதிகம் சறுக்கும். ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். ஒருத்தர் ஏக்கருக்குக் கையிலிருந்து 28,000 ரூபாய் செலவழித்து 40,000-க்கு விற்றார். லாபம் 12,000. அவரும் மனைவியும் சேர்ந்து பார்த்த வேலைக்குக் கூலி 5,000 என்று வைத்தால் லாபம் 7,000. சொந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தால் 15,000 வந்திருக்கும் என்று அதையும் சேர்த்தால் 8,000 நஷ்டம். மூன்றும் சரிதான். மத்திய அரசின் வேளாண் செலவு, விலை ஆணையம் இதைத்தான் ஏ2, ஏ2 கூட்டல் குடும்ப உழைப்பு, சி2 என்று பிரிக்கிறது. சி2-வில் சொந்த முதலுக்கான வட்டியும் சேரும். எந்தக் கணக்கு என்று சொல்லாமல் "நெல் லாபகரமானது" என்று முடிவு எழுதினால் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வீர்கள்.

நேரம்? ஒருத்தருக்கு முக்கால் மணி. காலையில் மடை பார்த்துவிட்டு வரும்போது பிடித்தால் பேசுவார், பத்து மணிக்கு மேல் கிடைக்க மாட்டார், சாயங்காலம் டீக்கடையில் கிடைப்பார், அங்கே பக்கத்தில் இருக்கிற நாலு பேரும் சேர்ந்து பதில் சொல்வார்கள். ஒரு நாளைக்கு மூன்று பேர் முடிந்தால் பெரிய விஷயம். 60 பேருக்கு 20 நாள்.

காபிக் கடை: இரண்டு நாளில் முடியும், அதுதான் பிரச்சினை

வாடிக்கையாளர் திருப்தி என்றாலே எல்லாரும் எடுப்பது சர்வ்குவால் என்ற அளவுகோல். பரசுராமன், ஜெய்தாமல், பெர்ரி மூவரும் 1988-ல் கொடுத்தது. ஐந்து பரிமாணம், 22 வாக்கியம். எதிர்பார்த்தது என்ன, கிடைத்தது என்ன என்று ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்க வேண்டும், ஆக 44 கேள்வி. நம்ம ஊர் நின்றுகொண்டு குடிக்கிற கடையில் ஒருத்தர் நாலு நிமிஷம் நிற்பார். 44 கேள்விக்குப் பதில் சொன்னால் காபி ஆறிவிடும், அவருக்குத் திருப்தி போய்விடும். எதிர்பார்ப்பைக் கேட்கவே வேண்டாம், கிடைத்ததை மட்டும் கேட்டால் போதும் என்று கிரோனின், டெய்லர் இருவரும் 1992-ல் வாதாடினார்கள். அதைக் காட்டி 22-ஆகக் குறைக்கலாம். அதுவும் உட்கார்ந்து குடிக்கிற கடையில்தான் நடக்கும்.

பெரிய சிக்கல் வேறு. கல்லாவில் முதலாளி உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருக்கிறார், கையில் தாளோடு நம்ம ஊர்ப் பிள்ளை கெஞ்சுகிறது. யார் 2 போடுவார்? நான் பார்த்த தாள்களில் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக 4, 4, 4 என்று வந்துவிடும். அதை மென்பொருளில் போட்டால் நம்பகத்தன்மைக் குறியீடு அபாரமாக வரும். எல்லாரும் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொன்னால் வராமல் என்ன செய்யும்?

இன்னொன்று, கடைக்குள் இருப்பவரை மட்டும்தான் கேட்கிறோம். போன மாதம் வந்து குடித்துவிட்டு இனிமேல் இந்தக் கடை வேண்டாம் என்று போனவர் உங்கள் தாளில் இல்லை. கடைக்காரருக்குத் தெரிய வேண்டியது அவரைப் பற்றித்தான்.

பருவமும் இருக்கிறது. கார்த்திகை, மார்கழியில் கம்பத்திலோ குமுளியிலோ கணக்கெடுத்தால் உங்கள் வாடிக்கையாளர் பாதிப்பேர் மாலை போட்டவர்கள். வண்டி நிற்கிற இடத்தில் குடிப்பார்கள், திரும்ப வருவது அடுத்த வருஷம். "மீண்டும் இங்கே வருவீர்களா?" என்ற கேள்விக்கு அவர் என்ன சொன்னால் என்ன? குமுளிக்குள் போனால் தமிழே போதும், கடைக்காரரே தமிழில் பேசிவிடுவார். ஆனால் கட்டப்பனை வரை போவதாக இருந்தால் மலையாளத்திலும் தாள் வேண்டும். அங்கே சாயா குடிப்பவர்தான் அதிகம் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள், காபிக் கடை ஆய்வு சாயாக்கடை ஆய்வாகிவிடும்.

செலவு என்று பார்த்தால் அனுமதி. ஒரு நண்பர் மகள் மூணாறு ரோட்டில் ஒரு சங்கிலிக் கடையைத் தேர்ந்தெடுத்தாள். மேலாளர் நல்ல மனுஷன், ஆனால் தலைமை அலுவலகக் கடிதம் வேண்டும் என்றார். மின்னஞ்சல் போய், நினைவூட்டல் போய், பதினெட்டாம் நாள் "மன்னிக்கவும்" வந்தது. தனிக் கடையில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் தினமும் உட்கார்ந்தால் தினமும் இரண்டு காபி வாங்கத்தான் வேண்டும், அது மரியாதை.

இவ்வளவு சொன்னதால் காபிக் கடையே கூடாது என்று நினைக்க வேண்டாம். கேள்வியை மாற்றினால் நல்ல ஆய்வு. ஆய்வு வழிகாட்டி "இதுல விவசாயம் எங்கேப்பா?" என்று கேட்கிற இடத்திலிருந்தே தொடங்கலாம். காபியும் சிக்கரியும் கலந்த தூளில் காபி குறைந்தது 51 சதவீதமாவது இருக்க வேண்டும், எவ்வளவு கலந்தது என்று பாக்கெட்டில் போட வேண்டும் என்பது விதி. குடிக்கிறவருக்கு 60-க்கும் 80-க்கும் வித்தியாசம் தெரிகிறதா? போடி மலையிலும் தாண்டிக்குடிப் பக்கமும் விளைகிற காபி என்று பலகை வைத்தால் ஐந்து ரூபாய் கூடக் கொடுப்பாரா? இவை விளைவிக்கிறவருக்கும் விற்கிறவருக்கும் வேண்டிய பதில்கள்.

முதல் கேள்விக்கு ஒரு எளிய சோதனை உண்டு. மூன்று டம்ளர், இரண்டில் ஒரே கலவை, ஒன்றில் வேறு. எது வேறு என்று கேளுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒருத்தர் சரியாகச் சொல்வார். 30 பேரில் 10 பேர் சரி என்றால் ஒன்றும் நிரூபணமாகவில்லை. 15 பேர் சரியாகச் சொன்னால் வித்தியாசம் தெரிகிறது என்று தைரியமாக எழுதலாம். வரிசையை மட்டும் ஒவ்வொருத்தருக்கும் மாற்றி வையுங்கள், சர்க்கரையை ஒரே அளவாகப் போடுங்கள். முதலாளி பார்த்துக்கொண்டிருந்தாலும் இதில் யாரும் முகத்தாட்சண்யத்துக்குப் பதில் சொல்ல முடியாது.

திருப்தியைத்தான் அளக்க வேண்டும் என்று வழிகாட்டி பிடிவாதம் பிடித்தால், வாயால் கேட்பதோடு கண்ணால் எண்ணுவதையும் சேருங்கள். சொன்னதிலிருந்து டம்ளர் வரும்வரை எத்தனை நிமிஷம்? பாதி குடித்து வைத்த டம்ளர் எத்தனை? வந்து பார்த்து, கூட்டம் என்று திரும்பினவர் எத்தனை பேர்? காலை ஆறிலிருந்து ஒன்பது வரை நாலு நாள் எண்ணினால் நூறு தாளுக்குச் சமம்.

ஏலக்காய்: தரவு இலவசம், விளக்கம் இலவசமில்லை

இது போடிப் பிள்ளைகளுக்குத் தாய்வீட்டுத் தலைப்பு. இங்கே "காய்" என்றாலே ஏலக்காய்தான். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் மலைமேல் புற்றடியிலும் நடக்கிறது. எத்தனை கிலோ வந்தது, எத்தனை விற்றது, அதிக விலை, சராசரி விலை எல்லாம் ஏலத்துக்கு ஏலம் வெளியாகும். வீட்டில் உட்கார்ந்தபடியே பத்து வருஷத் தரவை எடுத்துவிடலாம். யாரையும் கெஞ்ச வேண்டாம், மே மாதமாக இருந்தாலும் பரவாயில்லை.

ஆனால் அந்த விலைத் தொடரில் ஒரு மலை இருக்கிறது. 2018 ஆகஸ்ட் வெள்ளமும் நிலச்சரிவும் தோட்டங்களை அடித்த பிறகு, 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அதை நம்பி நிலம் குத்தகைக்கு எடுத்தவர்கள் பலர். இரண்டு மூன்று வருஷத்தில் ஆயிரத்துக்கும் கீழே வந்தது. இந்த மலையைக் கண்ணை மூடிக்கொண்டு முன்கணிப்பு மாதிரியில் போட்டால், மாதிரி ஏதோ ஒன்றைச் சொல்லும், நீங்களும் எழுதுவீர்கள், ஏன் என்று கேட்டால் பதில் இருக்காது.

ஏலத்து விலை சிறு விவசாயி கைக்கு வருகிற விலையும் இல்லை. ஏறத்தாழ 5 கிலோ பச்சைக் காய் காய்ந்தால்தான் 1 கிலோ. உலர்த்தும் கூலி, தரம் பிரிப்பு, முன்பணம் கொடுத்தவருக்கே காயைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் எல்லாம் நடுவில் நிற்கும். அதை விசாரிக்கப் போனால் வியாபாரிகள் டீ வாங்கிக் கொடுப்பார்கள், கணக்குச் சொல்ல மாட்டார்கள். புள்ளியியல் நன்றாகத் தெரிந்தவர், அல்லது குடும்பத்திலேயே தோட்டமோ வியாபாரமோ இருப்பவர் எடுக்கலாம். மற்றவர்களுக்கு இதில் வேலை குறைவு போலத் தெரியும், அவ்வளவுதான்.

மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

| | நெல் | காபிக் கடை | ஏலக்காய் விலை |
|---|---|---|---|
| தோதான மாதம் | ஜனவரி–மார்ச், ஜூன்–அக்டோபர் | பிப்ரவரி–மார்ச். சுற்றுலாதான் கேள்வி என்றால் மே | எப்போதும் |
| ஒரு பதிலுக்கு நேரம் | 45 நிமிஷம் | 5 நிமிஷம் | இல்லை |
| அளவு நம்பகம் | அலகுகளைச் சரிபார்த்தால் நன்று | தாளில் மோசம், சோதனையில் நன்று | எண் சரி, காரணம் வெளியே |
| கண்ணில் படாத செலவு | திரும்பத் திரும்பப் போவது | அனுமதி | மென்பொருள் கற்பது, வாய் திறக்காத வியாபாரி |
| மாட்டிக்கொள்ளும் கேள்வி | எந்தச் செலவுக் கணக்கு? | வராதவரைக் கேட்டீர்களா? | 2019-ல் என்ன ஆனது? |
| பதிலுக்குக் காத்திருப்பவர் | விவசாயி, விரிவாக்க அலுவலர் | கலவையைப் பற்றி என்றால் கடைக்காரர் | தோட்டக்காரர் |

அப்படியானால் யாருக்கு எது

வயல்காட்டில் பேச்சுக் கொடுக்கத் தெரிந்தவர், ஜனவரியில் தொடங்குகிறவர், வண்டி இருப்பவர் யோசிக்காமல் நெல் எடுக்கலாம். விரிவாக்கப் பணிக்கோ, உர நிறுவனத்துக்கோ, வங்கியின் வேளாண் கடன் பிரிவுக்கோ வேலைக்குப் போகிற எண்ணம் இருந்தால் நேர்முகத்தில் இந்த ஆய்வு பேசும். நடவு போடுகிற அக்காக்களிடம் போய்ப் பேச ஆம்பிளைப் பிள்ளைகள் சிலர் தயங்குவார்கள். அம்மாவையோ அக்காவையோ கூட்டிக்கொண்டு போங்கள், தப்பே இல்லை.

உணவுத் தொழில், சில்லறை வியாபாரம் என்று போகிறவருக்குக் காபிக் கடை, ஆனால் மூன்று டம்ளர் சோதனையோடு. வெயிலில் அலைய முடியாத உடல்நிலை இருப்பவரும் கூச்சமில்லாமல் இதை எடுக்கலாம். வெறும் 22 கேள்வித் தாள் மட்டும்தான் என்றால் நான் வேண்டாம் என்பேன். கூகுள் படிவத்தை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டு வாங்குவதாக இருந்தால் அதைவிட வேண்டாம். அது காபிக் கடையைப் பற்றிய ஆய்வாக இருக்காது, உங்கள் நண்பர்களைப் பற்றியதாக இருக்கும்.

மூன்றையும் கலந்து, "கம்பம் பள்ளத்தாக்கில் வேளாண் வணிகத்தின் போக்குகள்" என்று ஒரு தலைப்போடு போன வருஷம் ஒரு பையன் வந்தான். ஆசையாகத்தான் இருக்கிறது, 45 நாளில் எதை முடிப்பாய் என்றேன். இரண்டு மட்டும் சேர்க்கலாம் என்றால் நெல்லையும் ஏலக்காயையும் சேர்க்கலாம், கூலி வழியாக. அந்தக் காலை ஜீப்புதான் இரண்டுக்கும் நடுவில் ஓடுகிறது.

எதை எடுத்தாலும், தாளை அச்சடிக்கும் முன் ஐந்து பேரிடம் கேட்டுப் பாருங்கள். இந்தத் தையில் என் தங்கச்சி மகள் அப்படித்தான் முதல் நாள் சின்னமனூர்ப் பக்கம் போனாள். அவளுடைய மூன்றாவது கேள்வி, "நீங்கள் பின்பற்றும் நடவு முறை எது?" ஐந்து பேரும் "நடவுதான்" என்று சொல்லியிருக்கிறார்கள். சாயங்காலம் வந்து அதை அடித்துவிட்டு, "நட்டன்னிக்கு வயல்ல எத்தனை பேர் நின்னாங்க, வரிசைக்குக் கயிறு யார் பிடிச்சாங்க?" என்று எழுதினாள். அடுத்த நாள் மூன்று பேரிடம்தான் கேட்க முடிந்தது. மூன்று பேரும் பேசிக்கொண்டே இருந்தார்களாம், சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் போகணும் என்று ஒரு வீட்டில் விடவே இல்லையாம்.